எட்டுப் பேரும் ஒரு வாளியும்

அக்கா, ஜன்னல் பக்கம் நான் உக்காந்துக்கட்டுமா? தலை சுத்துது. வாந்தியெல்லாம் வராது, பயப்படாதீங்க. கோவம் வந்தா எனக்கு இப்படித்தான், வெயில்ல ரொம்ப நேரம் நின்ன மாதிரி ஆயிரும்.

கல்லோடைப்பட்டி போறேன். நீங்க? அதுக்கும் அங்கிட்டா? அப்ப ஒன்றரை மணி நேரம் இருக்கு. எங்க ஊரு கேள்விப்பட்டிருக்கீங்களா? அமைதியான ஊருக்கா. சண்டை சச்சரவு ஒண்ணும் கிடையாது. சாதியெல்லாம் அங்க யாரும் பாக்க மாட்டாங்க. அப்படித்தான் நானும் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தேன், போன வருஷம் வரைக்கும்.

கல்வி ஆபீஸ்ல இருந்துதான் வர்றேன். இன்னையோட ஆறு தடவ. ஏன் கோவம்னு இப்பவே சொன்னா உங்களுக்குப் புரியாது. மொதல்ல இருந்து சொல்றேன், கேக்குறீங்களா? யார்கிட்டயாவது சொல்லலைன்னா எனக்கு மண்டையே வெடிச்சிரும்.

எங்க பள்ளிக்கூடத்துக்கு எழுபத்தஞ்சு வருஷம் ஆச்சுன்னு போன வருஷம் பவள விழா வச்சாங்க. கமிட்டி ஸ்கூல். கமிட்டித் தலைவர் எங்கப்பா. நான் ப்ளஸ் ஒன். விழா மலருக்கு 'பள்ளி வரலாறு' எழுதுற வேலைய எங்கிட்ட குடுத்தாங்க. அப்பா தலைவர்ங்கறதுக்காக இல்லக்கா. எனக்குக் கையெழுத்து நல்லாருக்கும், கட்டுரைல எப்பவும் நல்ல மார்க். மித்ரா என்னைவிடக் கூட வாங்குவா, ஆனா அவ இதுக்கெல்லாம் வரமாட்டா. கூச்ச சுபாவம்.

மித்ரா என் பிரண்டு. முழுப்பேரு சங்கமித்ரா. ஆறாப்புல இருந்து ரெண்டு பேரும் ஒரே பெஞ்சு. எங்க எண்ணெய் மில்லுல பிட்டரா இருந்த மாரிச்சாமியோட பொண்ணு. காலனி. காலனின்னா தெரியும்ல? ம். ஆனா அவ எங்க வீட்டுக்கெல்லாம் வருவாக்கா. எங்கம்மா ஒண்ணும் வித்தியாசம் பாக்க மாட்டாங்க. காப்பி குடுப்பாங்க, முறுக்கு குடுப்பாங்க. பேப்பர் கப்புல குடுப்பாங்க. அது சும்மா, கழுவுற வேலை மிச்சம்னு.

அவதான் எல்லா வருஷமும் பர்ஸ்ட் ரேங்க். ஆனா ஆண்டு விழா அன்னைக்கு கரெக்டா லீவு போட்டுருவா. அவ பரிசையும் நாந்தான் மேடைல ஏறி வாங்குவேன். 'சங்கமித்ரா சார்பாக கோபிகா பெற்றுக்கொள்வார்'னு மைக்ல சொல்லுவாங்க. அஞ்சு வருஷமா வாங்கியிருக்கேன். டிபன் கேரியர், பேனா செட்டு, டிக்சனரி. மறுநாள் கொண்டுபோய்க் குடுப்பேன். என்னடி, மேடை ஏறுறதுக்கு இவ்வளவு பயமான்னு கேலி பண்ணுவேன். சிரிச்சுக்கிட்டே வாங்கி பைக்குள்ள வச்சுக்குவா.

அந்த மேடைதான்க்கா எல்லாத்துக்கும் காரணம். மேற்கப் பாத்துக் கட்டியிருக்கும். சாயங்காலம் விழா நடக்குறப்ப வெயில் நேரா மூஞ்சில அடிக்கும். கலெக்டரே வந்தாலும் நெத்தில கைய வச்சுக்கிட்டுதான் உக்காந்திருக்கணும். இவ்வளவு பெரிய மைதானத்துல எதுக்கு அந்த மூலைல, அப்படித் திருப்பிக் கட்டினாங்கன்னு எல்லாரும் திட்டுவாங்க. யாருக்கும் பதில் தெரியாது. கல்வெட்டுல 'இம்மேடை பெருமாள்சாமி அவர்களின் நன்கொடை, 1958'ன்னு இருக்கும். பெருமாள்சாமி எங்க தாத்தாவோட அப்பா. பள்ளிக்கூடத்துக்கு எடம் குடுத்ததும் அவருதான்.

பவள விழாவுக்குப் பந்தல் போட பைப் நடணும்னு மேடைல டிரில் போட்டாங்க. நான் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டிருந்தேன். திடீர்னு மிஷின் சர்ருனு உள்ள எறங்கிருச்சு. வெல்டர் அண்ணன் பயந்துபோய்க் கைய எடுத்துட்டாரு. ஓட்டை வழியா ஒரு ஜல்லியப் போட்டாரு. ஒண்ணு, ரெண்டு எண்ணுறதுக்குள்ள தொப்புனு ஒரு சத்தம். மேடைக்கு அடில ஏதோ பள்ளம்! ஹெச்.எம். ஓடி வந்தாரு. "சிமெண்டப் பூசுங்கய்யா மொதல்ல"ன்னாரு. என்ன சார் அதுன்னு கேட்டேன். "ஒண்ணுமில்ல, போ"ன்னாரு.

வாட்ச்மேன்கிட்ட கேட்டேன். பழைய செப்டிக் டேங்குன்னாரு. அந்தக் காலத்துல ஏதுக்கா செப்டிக் டேங்கு? வீட்டுல அப்பாகிட்ட கேட்டேன். "பாம்புப் புத்து இருந்துச்சு, அத மூடித்தான் கட்டினாங்க"ன்னாரு. ஒரே கேள்விக்கு மூணு பேரு மூணு பதில் சொன்னா என்ன அர்த்தம்? யாரோ எதையோ மறைக்கிறாங்க. எனக்கு ராத்திரி தூக்கமே வரல. சந்தோஷத்துலக்கா! ஒரு மர்மத்தக் கண்டுபிடிக்கப் போறோம்னு.

வரலாறு எழுதணும்னு சொல்லி ஆபீஸ் ரூம் பீரோ சாவிய வாங்கினேன். மூணு நாளு சாப்பாட்டு பெல் அடிச்சதும் அங்கதான். தும்மித் தும்மி மூக்கெல்லாம் செவந்துபோச்சு. அம்பத்தெட்டாம் வருஷ அட்மிஷன் ரிஜிஸ்டர் கிடைச்சுது. ஆகஸ்ட் பதினாறாந் தேதி, ஒரே நாள்ல எட்டுப் பேரு பேருக்கு மேல செவப்பு மைல கோடு. நீக்கப்பட்ட காரணம்ங்கற கட்டத்துல எட்டுப் பேருக்கும் ஒரே வரி: 'கிணற்று வாளி, கயிறு திருடியது.'

ஒரு வாளியத் திருட எட்டுப் பேரா அக்கா? எட்டுப் பேருக்கும் தெரு ஒரே தெரு. ஆதிதிராவிடர் தெருன்னு போட்டிருந்துச்சு. இன்னைக்குக் காலனி. அப்புறம், கிணறுன்னு எழுதியிருக்கே, எங்க ஸ்கூல்ல கிணறே கிடையாதே! அப்பத்தான் எனக்குப் பளிச்சுனு வெளங்குச்சு. மேடைக்கு அடில இருக்கறது கிணறு. அத எதுக்கோ மூடியிருக்காங்க. மூடினதுக்கும் இந்த எட்டுப் பேருக்கும் ஏதோ தொடர்பு இருக்கு. போன்ல போட்டோ எடுத்துக்கிட்டு மித்ராவத் தேடி ஓடினேன்.

வேப்பமரத்தடில உக்காந்து கொய்யாக்கா தின்னுக்கிட்டிருந்தா. மூச்சு வாங்க எல்லாத்தையும் சொன்னேன். போட்டோவக் காட்டினேன். அவ பாத்தா. கொய்யாக்காய ஒரு கடி கடிச்சா.

"ஆமா. கிணறு"ன்னா.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க தெருல மூணாப்புப் படிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அதான் நாங்க யாரும் அந்த மேடைல ஏறுறதில்ல."

எனக்குச் செவுட்டுல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. அறுபத்தாறு வருஷமா அந்தத் தெருப் பிள்ளைக யாருமே அந்த மேடைல ஏறினதில்லையாம். பாட்டு, டான்ஸ், பரிசு எதுக்குமே. நானும் அஞ்சு வருஷமா பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கேன். எனக்கு எப்படிக்கா தெரியும்? வாயைத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்?

"ஏண்டி எங்கிட்ட சொல்லல? நான் உன் பிரண்டுதானே?"ன்னு கேட்டேன்.

"நீ கேட்டியா? மேடை ஏற பயமான்னுதானே கேட்ட."

எனக்கு அழுகையே வந்திருச்சு. மூணு நாளு தூசில கெடந்து கண்டுபிடிச்சிருக்கேன், ஒரு ஆச்சரியம் கூடக் காட்டாம கொய்யாக்கா திங்கிறா! ஆனா நான் விடல. அந்த எட்டுப் பேர்ல யாராவது இருக்காங்களான்னு கேட்டேன். கொய்யாக்காயக் கீழ வச்சுட்டு, "ஒருத்தர்தான் இருக்காரு. எங்க தாத்தாவுக்கு அண்ணன். வேணாம் கோபி, விடு"ன்னா. நான் விடுவேனா? ஒரு வாரம் அவள நச்சரிச்சு, ஒரு ஞாயித்துக்கிழமை காலனிக்குப் போனேன்.

அதுதான் நான் அவ வீட்டுக்குப் போன மொத தடவ. அஞ்சு வருஷத்துல போற மாதிரி ஒரு சந்தர்ப்பம் அமையல. வாசல்ல அவங்கப்பா நின்னாரு. மில்லுல நாங்க எல்லாரும் அவர மாரிச்சாமின்னுதான் கூப்புடுவோம், என் தம்பி கூட. அவரு வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு அப்படிக் கூப்புட எனக்கு வாய் வரல. வேற எப்படிக் கூப்புடுறதுன்னும் தெரியல. "வணக்கம்"னு சொல்லிவச்சேன். அவருக்கும் ஒரு மாதிரி ஆயிருச்சு. "வாங்க பாப்பா"ன்னுட்டு உள்ள போயிட்டாரு.

அந்தத் தாத்தா பேரு வீரணன். எழுபத்தொம்பது வயசு. கட்டில்ல உக்காந்து பேப்பர் வாசிச்சுக்கிட்டிருந்தாரு, கண்ணாடி இல்லாம. நான் என்னமோ அவரு அழுதுக்கிட்டே எல்லாத்தையும் கொட்டுவாருன்னு நெனச்சேன். நோட்டெல்லாம் கொண்டுபோயிருந்தேன். அவரு நோட்டப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. "எதுக்கு எழுதுற?"ன்னாரு. மலருக்குன்னேன். "ஓகோ"ன்னாரு. அப்புறம் பேப்பர மடிச்சு வச்சுட்டு, சந்தைக்குப் போயிட்டு வந்த கதை மாதிரி சாதாரணமாச் சொன்னாரு.

அப்பல்லாம் இவங்க பிள்ளைக கிணத்துல எறைக்கக் கூடாது. பியூன் ஒருத்தரு மேல இருந்து ஊத்துவாரு, இவங்க கீழ குனிஞ்சு கைய ஏந்திக் குடிக்கணும். சுதந்திர தினத்தன்னைக்குக் கொடியப் புடிச்சுக்கிட்டு ஊரச் சுத்தி ஊர்வலம் போயிட்டு வந்திருக்காங்க. நல்ல வெயில். பியூன் மிட்டாய் குடுக்கப் போயிட்டாரு. ஒரு மணி நேரம் கிணத்தடில நின்னிருக்காங்க. எட்டாப்புப் பையங்க எட்டுப் பேரு. கடைசில இவருதான் வாளிய உள்ள விட்டிருக்காரு.

"அந்த வாளி உள்ள போறப்ப ஒரு சத்தம் கேட்டுச்சு பாப்பா, தொபுக்கடீர்னு. அது வரைக்கும் எங்க கையால அந்தச் சத்தத்த நாங்க கேட்டதில்ல. எட்டுப் பேருக்கும் சிரிப்பு. ஆளுக்கு ரெண்டு தடவ எறைச்சோம். தாகத்துக்கு ஒண்ணு, ஆசைக்கு ஒண்ணு."

மறுநாள் ஊர்க்கூட்டம். கிணத்துல ரெண்டு டின்னு மண்ணெண்ணெய ஊத்திட்டாங்க. எட்டுப் பேருக்கும் டி.சி. தண்ணி எடுத்தான்னு எழுதினா சட்டப்படி மாட்டிக்குவோம்னு ஒரு வாத்தியார் யோசனை சொல்ல, திருட்டுன்னு எழுதியிருக்காங்க. அப்புறம் வண்டி வண்டியாப் பலகைக்கல்லு வந்து கிணத்து வாய மூடியிருக்காங்க. மேல மேடை.

பீரோல இருந்து ஒரு பிளாஸ்டிக் கவர எடுத்துக்கிட்டு வந்தாரு. உள்ள அவரோட டி.சி. பழுப்பேறி, மடிப்புல கிழிஞ்சு, செல்லோடேப் ஒட்டி. அதக் கொண்டுபோய் மூணு ஊர்ப் பள்ளிக்கூடத்துல நின்னிருக்காரு. மூணு ஹெட்மாஸ்டரும் அந்த வரி வரைக்கும் வாசிச்சுட்டு, இவரு கையையே பாத்தாங்களாம். ஏதாவது எடுத்துருவானோன்னு. அதோட மலைக்கு மேல ஏலக்காத் தோட்டத்துக்குப் போயிட்டாரு. நாப்பது வருஷம்.

"எனக்குக் கலெக்டர் ஆகணும்னெல்லாம் இல்ல. எட்டாப்பு முடிச்சிருக்கலாம்"னாரு.

கல்லு ஏத்திட்டு வந்த வண்டியெல்லாம் யாரோடதுன்னு நான் கேக்கல. அவராச் சொன்னாரு, பெருமாள்சாமி வீட்டு வண்டின்னு. சொல்லிட்டு, "நீ யாரு வீட்டுப் பிள்ளைம்மா?"ன்னு கேட்டாரு.

கடைவீதிப் பக்கம்னு சொன்னேன்.

மித்ரா என்னையப் பாத்தா. பொய்யில்லையேக்கா. எங்க வீடு கடைவீதிப் பக்கம்தான்.

வீட்டுக்கு வந்து ஒரே மூச்சா எட்டுப் பக்கம் எழுதினேன். யாரையும் விடல, எங்க கொள்ளுத்தாத்தா பேரு உட்பட. கமிட்டில குடுத்தேன். நாலு நாளு போச்சு. அப்புறம் அப்பா கூப்புட்டு உக்கார வச்சாரு. "நீ எழுதினது தப்புன்னு சொல்லல. ஆனா நல்ல நாள்ல இது எதுக்கு? அந்த மனுஷன் எடம் குடுக்கலைன்னா இந்த ஊர்ல ஒருத்தன் படிச்சிருக்க மாட்டான்"னாரு. "எட்டுப் பேரு படிக்கலையேப்பா"ன்னேன். எந்திரிச்சுப் போயிட்டாரு.

மலர் வந்துச்சு. பளபளன்னு அட்டை. பன்னெண்டாம் பக்கம், என் போட்டோ, என் பேரு. கீழ பாத்தா, 'மாணவர் நலன் கருதி, 1958ஆம் ஆண்டு பாழுங்கிணறு ஒன்று மூடப்பட்டு, அதன்மேல் அழகிய கலையரங்கம் எழுப்பப்பட்டது'ன்னு இருக்குக்கா! என் எட்டுப் பக்கத்துல இந்த ஒரு வரிதான் மிச்சம், அதுவும் நான் எழுதாத வரி. என் பேர்ல! மித்ரா அதப் பாத்துட்டு மலர மூடி என் கைல குடுத்தா. "போட்டோ நல்லாருக்கு"ன்னா. அன்னைக்கு நான் பட்ட அவமானம் இருக்கே.

அதனாலதான் அந்த முடிவுக்கு வந்தேன். விழால மாணவர் சார்பா நன்றியுரை எனக்கு. எழுதிக் குடுத்தத மனப்பாடம் பண்ணியிருந்தேன். மேடைல ஏறினேன். கண்ணுல வெயிலு. எதிர்ல ரெண்டாயிரம் பேரு, கடைவீதி வரைக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்காங்க. நன்றியுரைத் தாள மடிச்சு வச்சுட்டு, வேற தாள எடுத்தேன்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு, ஆகஸ்ட் பதினாறு. இந்தப் பள்ளியிலிருந்து எட்டு மாணவர்கள் நீக்கப்பட்டார்கள்"னு ஆரம்பிச்சு, எட்டுப் பேரோட பேரையும் அப்பா பேரோட நிறுத்தி நிதானமா வாசிச்சேன். "பதிவேட்டில் எழுதப்பட்டுள்ள காரணம், கிணற்று வாளியையும் கயிற்றையும் திருடியது"ன்னேன்.

அங்க ஒரு ரெண்டு செகண்டு நிறுத்தினேன். பேச்சுப்போட்டிக்கு அப்படித்தான்க்கா சொல்லிக் குடுப்பாங்க. முக்கியமான வரிக்கு முன்னாடி நிறுத்தணும்னு. அடுத்த வரி 'இது பொய்'. அதச் சொல்ல வாயத் தொறந்தேன், மைக் செத்துப்போச்சு. அப்பாதான் கையக் காட்டியிருக்காரு. கத்தினேன், ஒருத்தருக்கும் கேக்கல. நாதஸ்வரத்தப் போட்டுட்டாங்க.

புரியுதாக்கா? ஊரு முழுக்கக் குழாய்ல கேட்டது என்ன? எட்டுப் பேரு பேரு. அப்பன் பேரோட. திருட்டு. அவ்வளவுதான்.

மறுநாளே கடைவீதில ஆரம்பிச்சுட்டாங்க. அந்த எட்டுப் பேர்ல ஒருத்தரோட பேரன் செல்போன் கடைல வேலை பாக்குறான். கடைக்கு வந்தவன் ஒருத்தன், "என்னப்பா, வாளி இருக்கா?"ன்னு கேட்டிருக்கான். இன்னொரு பையன் பஸ்ல ஏறினா, "பையப் பாத்துக்கங்க"ன்னு சிரிக்கிறாங்க. அறுபத்தாறு வருஷமா அந்த ரிஜிஸ்டருக்குள்ள கெடந்தத நான் எடுத்து ஊருக்கே ஒலிபரப்பிட்டேன்.

நான் நல்லதுக்குத்தானே செஞ்சேன்? மைக்க அணைச்சது நானா? இதத்தான் மித்ராகிட்ட சொன்னேன். ஸ்கூல் கேட்டுல நின்னு சொன்னேன். அவ அன்னைக்கு மாதிரி கோவப்பட்டு நான் பாத்ததே இல்ல.

"தாத்தா பேர வாசிக்கலாமான்னு அவர்கிட்ட கேட்டியா?"

"நியாயத்தச் சொல்றதுக்கு யாரக் கேக்கணும்?"

"உன்கிட்ட மைக்கப் புடுங்கினாங்க. எங்கப்பாகிட்ட மில்லு சாவியப் புடுங்கிட்டாங்க. தெரியுமா?"

எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாதுக்கா. மில்லுல அவங்கப்பாவ நிறுத்தியிருக்காங்க. இருபத்தொரு வருஷம் வேலை பாத்தவரு. அப்பாகிட்ட கேட்டேன். சீசன் இல்ல, ஆள் கொறைக்கிறோம்னாரு. அந்த வாரம் மூணு லாரி நெலக்கடலை எறங்குச்சு, நான் பாத்தேன். ஆனாலும் அப்பா அப்படிப்பட்டவரு இல்லக்கா. வேற யாரோ சொல்லியிருப்பாங்க. கமிட்டில நெறையப் பேரு இருக்காங்க.

ஜூன்ல மித்ரா டவுன்ல வேற ஸ்கூல்ல சேந்துட்டா. போன் எடுக்கல. வீட்டுக்குப் போனேன். "அவ இல்ல பாப்பா"ன்னாங்க அவங்கம்மா. வாசல்ல அவ செருப்புக் கெடந்துச்சு. அதே செருப்பு, போன வருஷம் நாங்க ரெண்டு பேரும் சேந்துபோய் வாங்கினது. நான் திரும்பி வந்துட்டேன்.

அப்பத்தான் முடிவு பண்ணினேன். நானே இதச் சரிபண்ணுவேன்னு. கல்வி ஆபீஸுக்கு மனு எழுதினேன். அந்த எட்டுப் பேரோட பதிவுல இருக்கற 'திருட்டு'ங்கற வார்த்தைய நீக்கித் தருமாறு தாழ்மையுடன்னு. மொத தடவ வாங்கவே மாட்டேன்னாங்க. ரெண்டாந் தடவ, சம்பந்தப்பட்டவங்க கையெழுத்து வேணும்னாங்க. அத எங்க போய் வாங்குறது? அவங்கதான் கதவே தொறக்கலையே. மூணாந் தடவ ஆபீசர் லீவு. நாலாந் தடவ, "உனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம், பரீட்சைக்குப் படி"ன்னாங்க. அஞ்சாந் தடவ பைல் நம்பர் கேட்டாங்க. பைல் போட்டாத்தானேக்கா நம்பர் வரும்? நான் விடல. டியூஷன் போறேன்னு வீட்டுல சொல்லிட்டு, ரெண்டு பஸ் மாறி வந்துக்கிட்டே இருந்தேன்.

இன்னைக்குப் போனா, பழைய கிளார்க் இல்ல. புதுசா ஒரு அம்மா. மனுவ வாங்கி மேலோட்டமாப் பாத்துட்டு, "கல்லோடைப்பட்டி வாளிக் கேஸா? இது முடிஞ்சிருச்சேம்மா. போன மாசமே ஆர்டர் போயிருச்சு"ன்னாங்க.

எனக்கு ஒண்ணுமே புரியல. யாரு போட்டான்னு கேட்டேன். பைல எடுத்துப் பாத்தாங்க. எட்டு மனு. எட்டுக் குடும்பமும் தனித்தனியாக் கையெழுத்துப் போட்டிருக்கு. வீரணன் தாத்தா மட்டும் அவரே. எழுத்தெல்லாம் மித்ரா எழுத்து. அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியாதா? பிப்ரவரிலயே குடுத்திருக்காங்க. விழா முடிஞ்ச மூணாவது வாரம். நான் மொத மனு எழுதுறதுக்கு முன்னாடியே அவங்க மனு அந்த ஆபீஸ் பீரோவுக்குள்ள இருந்திருக்கு.

ஆர்டர் காப்பியக் காட்டுங்கன்னு கெஞ்சினேன். காட்டினாங்க. கமிட்டித் தலைவர் ஒப்புதல்னு கீழ எங்கப்பா கையெழுத்து. ஒரு மாசமாச்சு. தெனமும் நானும் அவரும் ஒண்ணாத்தான்க்கா சாப்புடுறோம். கொழம்புல உப்புக் கம்மின்னு சொல்றவரு, இதச் சொல்லல.

மேல என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா? திருட்டுன்னு இருந்தத நீக்கினதோட நிக்கல. அந்த எடத்துல, 'குடிநீர் இறைத்ததற்காக நீக்கப்பட்டார்'னு எழுதச் சொல்லியிருக்கு. அந்தம்மா சொன்னாங்க, "ஆபீசர் அந்தக் காரணத்தையே எடுத்துட்டு வெறுமனே விட்டுரலாம்னாரும்மா. அந்தப் பொண்ணு ஒத்துக்கவே இல்ல. நடந்தத எழுதுங்க, காலியா விட்டா மறுபடி யாராவது எதையாவது எழுதுவாங்கன்னு சொல்லிருச்சு. நாலு மாசம் அதுக்கே போச்சு." நான் என் மனுவப் பாத்தேன். நீக்கித் தருமாறு. அவ்வளவுதான் நான் கேட்டிருந்தேன். ஆறு தடவ அலைஞ்சு.

அந்தப் பெரியவரும் வந்திருந்தாராம், ஆர்டர் வாங்க. உக்காருங்கன்னு நாற்காலி போட்டாங்களாம். நின்னுக்கிட்டே முழுசா வாசிச்சாராம். வாசிச்சுட்டு, திருப்பி அந்தம்மாகிட்டயே நீட்டியிருக்காரு. "ஏன் தாத்தா, வேணாமா?"ன்னு கேட்டிருக்காங்க. "வேணும். ஆனா எழுத்துப்பிழை இருக்கு. குடிநீருக்கு மூணு சுழி வராது, தந்நகர 'நீ' போடணும்"னாராம். பாத்தா, 'குடிணீர்'னு அடிச்சிருக்காங்க! ஆபீசுல எல்லாருக்கும் சிரிப்பு வந்திருச்சாம், அவரு மட்டும் சிரிக்கல. மறுபடி டைப் அடிக்கிற வரைக்கும் அங்கயே நின்னிருக்காரு. புதுசக் குடுத்ததும் விரல வச்சு ஒவ்வொரு எழுத்தாப் பாத்துட்டு, "இப்பச் சரி"ன்னு மடிச்சு சட்டைப்பைல வச்சுக்கிட்டு, மித்ரா தோளப் புடிச்சுக்கிட்டு எறங்கிப் போயிட்டாராம்.

கேட்டுக்கிட்டே நின்னேன். எனக்கு சந்தோஷமா இருக்கணும்ல? இருந்துச்சு. இல்லைன்னு சொல்லல. ஆனா அதோட சேந்து கோவமும் வந்துச்சு. அந்த ரிஜிஸ்டரத் தேடி எடுத்தது யாரு? மேடைல ஏறிப் பேசினது யாரு? அதுக்கப்புறந்தானேக்கா இதெல்லாம் கெளம்புச்சு? அந்தம்மாகிட்ட கேட்டே விட்டேன். "அந்தப் பொண்ணு, கோபிகான்னு யாரையாவது பத்தி ஏதாவது சொல்லுச்சா மேடம்? கோபிகா வந்தாளான்னு, இல்ல கோபிகா கிட்ட சொல்லிருங்கன்னு, ஏதாவது?"

அந்தம்மா என்னைய ஒரு மாதிரி பாத்தாங்க. "இல்லையேம்மா. அவங்க எதுக்குக் கேக்கணும்?"னு சொல்லிட்டு, அடுத்த ஆளக் கூப்புட்டாங்க.

நீங்களே சொல்லுங்கக்கா. கேக்கணும்ல?